கைப்பட்டை முதலில், காயம் அப்புறம்: ஒரு மருத்துவமனை முழுக்கப் படமெடுக்கும் வேலையைத் திட்டமிட்ட அனுபவம்

சர்க்கரை நோயால் பாதத்தில் புண் வந்து சேர்ந்தவர் அவர், 58 வயது. காலை ரவுண்ட்ஸில் யூனிட் சீஃப், "ஞாயித்துக்கிழமை புண் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். பி.ஜி. மாணவர் தன் போனை எடுத்து, வாட்ஸாப் குழுவில் மேலே மேலே தள்ளிக்கொண்டே போய் ஒரு படத்தைக் காட்டினார். பெருவிரலுக்கு அடியில் கறுத்துப்போன ஒரு பாதம். சீஃப் படத்தைப் பார்த்தார், கட்டிலில் படுத்திருந்தவரின் காலைப் பார்த்தார். "இது இடது கால்ப்பா. இவருக்குக் கட்டு வலது கால்ல இருக்கு."

அதே பெயரில், ஏறக்குறைய அதே வயதில் இன்னொருவர் பக்கத்து வார்டில் இருந்தார். படம் அவருடையது. யாருக்கும் எந்தப் பாதிப்பும் வரவில்லை, சீஃப் கவனித்துவிட்டார். ஆனால் அந்த நிமிடம் அங்கே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது விரலை எடுப்பதா, இன்னும் இரண்டு நாள் பொறுப்பதா என்பதைப் பற்றி. இரண்டு பேருக்குமே வலது காலில் புண் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

நான் அங்கே பேக்ஸ் பார்த்துக்கொள்கிறவன். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைச் சேமித்து, எந்த வார்டிலிருந்தும் திறந்து பார்க்க வைக்கிற அமைப்பு அது. மறுநாளே என்னைக் கூப்பிட்டு, "ரேடியாலஜியில உங்க படம் மாறினதே இல்லையே, அதே மாதிரி எல்லா டிபார்ட்மென்டுக்கும் பண்ணிக் குடுங்க" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு அது சர்வரையும் சேமிப்பு இடத்தையும் பெரிதாக்குகிற வேலையாகத்தான் தெரிந்தது. முதல் திட்ட அறிக்கையில் முக்கால்வாசிப் பக்கங்கள் எத்தனை டெராபைட் வேண்டும் என்ற கணக்குதான். அந்த அறிக்கையில் இருந்து இன்றைக்கு உபயோகத்தில் இருப்பது அந்தக் கணக்கு மட்டுமே.

ரேடியாலஜியில் படம் ஏன் மாறுவதில்லை என்று முதலில் யோசித்திருக்க வேண்டும். அங்கே டாக்டர் முதலில் ஆர்டர் போடுகிறார். அந்த ஆர்டர் ஒர்க்லிஸ்ட்டாக, அதாவது அடுத்து யாருக்கு என்ன படம் என்ற பட்டியலாக, மெஷினுக்குப் போகிறது. டெக்னீஷியன் பெயரைத் தட்டச்சு செய்வதில்லை, பட்டியலில் இருப்பதைத் தொடுகிறார், அவ்வளவுதான். படம் பிறக்கும்போதே பெயர், எண், எந்த உறுப்பு, எந்தப் பக்கம் எல்லாம் அதற்குள் உட்கார்ந்துவிடுகிறது. 1985ல் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியும் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் சேர்ந்து மருத்துவப் படங்களுக்காக வெளியிட்ட பொதுத் தரம், 1993ல் டைகாம் என்ற பெயரில் வளர்ந்து, இன்று எந்த கம்பெனி சி.டி.யும் எந்த கம்பெனி பேக்ஸோடும் பேசுகிறது. இத்தனை வருட உழைப்பு அந்த ஒரு தொடுதலுக்குப் பின்னால் இருக்கிறது.

புண்ணைப் படமெடுக்க யார் ஆர்டர் போடுவார்கள்? கட்டைப் பிரிக்கும்போது சிஸ்டருக்கு ஏதோ சரியில்லை என்று படுகிறது, படம் எடுக்கிறார். தோல் டாக்டர் பேசிக்கொண்டே, தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பை வைத்துப் பார்க்கிறார், ஒரு மச்சம் சந்தேகமாக இருக்கிறது, எடுக்கிறார். முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. ஆர்டர் வழியாக வரும் படம் ஒரு இனம், நோயாளியைப் பார்க்கிற நேரத்தில் தானாகப் பிறக்கும் படம் வேறு இனம். அமெரிக்காவில் மருத்துவத் தகவல் தொழில்நுட்பத்துக்கான ஹிம்ஸ், சிம் என்ற இரண்டு அமைப்புகளின் கூட்டுக்குழு 2016ல் வெளியிட்ட வெள்ளை அறிக்கைகள் இந்தப் பிரிவைத்தான் அடிப்படையாக வைத்துப் பேசுகின்றன. அதைப் படித்த பிறகுதான் என் அறிக்கையை மூடிவைத்துவிட்டு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் போய் உட்கார ஆரம்பித்தேன். யார் கையில் கேமரா, அந்தக் கையில் கையுறை இருக்கிறதா, இன்னொரு கை என்ன செய்கிறது, படத்தோடு பெயர் எந்த நொடியில் சேர்கிறது. இந்த நான்கு கேள்விகள்தான்.

தீக்காய வார்டில்தான் அதிக நாள் உட்கார்ந்தேன். அங்கே கற்றுக்கொண்டது மற்ற எல்லா இடத்துக்கும் உதவியது.

தீக்காயத்தில் முதல் படத்துக்கு ஒரு நேரம் உண்டு. காயத்தைக் கழுவிய பிறகு, மருந்து தடவுவதற்கு முன்னால். சில்வர் சல்ஃபாடயசின் வெள்ளைக் களிம்பைத் தடவிவிட்டால் அடியில் இருக்கும் தோலின் நிறம் தெரியாது, நாள் போகப் போக அது காயத்தின் மேல் ஒரு பொய்த்தோல் மாதிரி படிந்து, ஆழம் எவ்வளவு என்று சொல்வதையே கஷ்டமாக்கிவிடும். அந்த இரண்டு மூன்று நிமிடத்தைத் தவறவிட்டால், அடுத்து பார்க்க வரும் பிளாஸ்டிக் சர்ஜனுக்காகக் கட்டை மறுபடி பிரிக்க வேண்டும். தீக்காயக் கட்டைப் பிரிக்கும்போது அந்த வார்டில் நின்று கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. ஒரு நல்ல படம் ஒரு தடவை கட்டுப் பிரிப்பதை மிச்சப்படுத்தும் என்றால், அந்தப் படத்துக்காக எவ்வளவு மெனக்கெட்டாலும் தகும்.

நான் கொண்டுபோன திட்டம் இது: மருத்துவமனையே வாங்கிய போன், அதில் ஒரு செயலி, நோயாளியின் கைப்பட்டையில் இருக்கும் பார்கோடை ஸ்கேன் செய்தால்தான் கேமரா திறக்கும். படம் போனின் கேலரியில் தங்காது, நேராக சர்வருக்குப் போய்விடும். அப்படித்தான் சட்டமாகப் பேசிக்கொண்டிருந்தேன். வார்டின் மூத்த சிஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இங்க வாங்க" என்று ஒரு கட்டிலுக்கு அழைத்துப் போனார். அடுப்பில் எண்ணெய் சாய்ந்து சேர்ந்த பெண். இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. "இவங்களுக்கு உங்க பட்டையை எங்க கட்டுவீங்க?"

பட்டை கட்டிலின் தலைமாட்டில் கட்டப்பட்டிருந்தது. அது அந்த வார்டின் பழக்கம், வேறு வழியும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் தீக்காய வார்டில் தொற்று காரணமாகக் கட்டிலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பட்டை கட்டிலோடு தங்கிவிடும், ஆள் நகர்ந்துவிடுவார். பாதப் புண் படம் மாறிய அதே கதை இங்கே பார்கோடோடு சேர்ந்து நடக்கும், அதுவும் ஸ்கேன் செய்ததால் எல்லோரும் நம்பிவிடுவார்கள். கையால் எழுதிய பெயரைச் சந்தேகப்படுகிற டாக்டர்கூட, கம்ப்யூட்டர் போட்ட பெயரைச் சந்தேகப்பட மாட்டார்.

அன்றைக்கே அந்த சிஸ்டரோடு உட்கார்ந்து எழுதியதுதான் இப்போதைய விதி. கை காயப்பட்டிருந்தால் பட்டை கணுக்காலில். கை, கால் நான்கிலும் காயம் என்றால் கேஸ் ஷீட்டின் முதல் பக்க ஸ்டிக்கரை ஸ்கேன் செய்யலாம், ஆனால் இரண்டு பேர் நின்று பெயரையும் ஐ.பி. எண்ணையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், நோயாளிக்கு நினைவு இருந்தால் அவரே பெயர் சொல்ல வேண்டும். கட்டிலில் கட்டிய பட்டை எங்கேயும் செல்லாது. அப்புறம், படமெடுப்பவர் கட்டுப் போடுகிற சிஸ்டர் இல்லை. அவர் கையுறையோடு இருப்பார், போனைத் தொட்டால் திரும்பக் கையுறை மாற்ற வேண்டும். டிரேயை எடுத்துக் கொடுக்க நிற்கும் இரண்டாவது சிஸ்டர்தான் எடுக்க வேண்டும். இரவில் இரண்டாவது சிஸ்டர் இருக்க மாட்டார். அதற்குப் பதில் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுவது என்று முடிவானது, அது இன்னும் எல்லா இரவிலும் நடப்பதில்லை.

பட்டையிலும் ஒரு பாடம் இருந்தது. நீளக் கோடுகள் போட்ட பார்கோடு வளைந்த மணிக்கட்டில் பாதி மறைந்துவிடும், குழந்தைகளின் கையில் கேட்கவே வேண்டாம். சானிடைசர் பட்டுப் பட்டு மையும் கலைந்துவிடும். சதுரக் கட்டம் போட்ட க்யூஆர் வகைக்கு மாறினோம், ஒரே பட்டையில் மூன்று இடத்தில் அச்சடித்தோம், எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் ஒன்று கண்ணில் படும். செலவு அதிகமில்லை. இந்த ஒரு மாற்றத்துக்காகப் பலரும் பிறகு நன்றி சொன்னார்கள், சர்வரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எண்டோஸ்கோப்பி அறையில் பிரச்சினை வேறு மாதிரி. அங்கே டாக்டரின் இரண்டு கையும் ஸ்கோப்பில் இருக்கும், படமெடுக்கும் பட்டன் ஸ்கோப்பின் தலையிலேயே இருக்கும், கட்டைவிரலோ ஆள்காட்டி விரலோ அழுத்தினால் போதும். எடுப்பது சுலபம், பெயர்தான் சிக்கல். டெக்னீஷியன் ஒவ்வொருவருக்கும் கீபோர்டில் பெயரைத் தட்ட வேண்டும். காலையில் வரிசையாக ஆட்கள் காத்திருக்கும்போது, முந்தினவர் பெயரை அழிக்க மறந்து அடுத்தவருக்கு ஸ்கோப் உள்ளே போய்விடும். பாதியில் ஞாபகம் வந்து மாற்றினால், ஒரே ஆளின் படங்கள் இரண்டு பெயரில் பிரிந்து கிடக்கும். இங்கே ரேடியாலஜி வழி அப்படியே பொருந்தியது, ஏனென்றால் எண்டோஸ்கோப்பிக்கு முன்பே சீட்டு போடுகிறார்கள், அந்தச் சீட்டு ஆர்டர்தான். புது மெஷின்களுக்கு ஒர்க்லிஸ்ட் கொடுத்தோம். டைகாம் தெரியாத ஒரு பழைய மெஷின் இருந்தது, அதன் வீடியோ வயரைப் பிரித்து ஒரு படம்பிடிக்கும் பெட்டிக்குள் விட்டு, அந்தப் பெட்டிக்கு ஒர்க்லிஸ்ட் கொடுத்தோம்.

எத்தனை படம் எடுப்பது என்பதில் ஆளுக்கொரு பழக்கம். ஒருவர் கட்டி இருந்தால் மட்டும் எடுப்பார், இன்னொருவர் நாற்பது எடுப்பார். ஐரோப்பிய இரைப்பை, குடல் எண்டோஸ்கோப்பி சங்கம் மேல் வயிற்றுப் பரிசோதனைக்குக் குறைந்தது 10 படம் என்று 2016ல் சொன்னதைக் காட்டினேன். நோய் எதுவும் இல்லை என்றாலும், முழுவதும் பார்த்தோம் என்பதற்கு அந்தப் படங்கள்தான் சாட்சி. பெருங்குடலில் கடைசி வரை போனோம் என்பதற்குக் குடல்வால் வாயும் அதன் பக்கத்து வால்வும் படத்தில் இருக்க வேண்டும். சீனியர் டாக்டர் ஒருவர் இதை மற்றவர்களிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். நான் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது, அது என் இடமும் இல்லை.

கண் பிரிவுக்குப் போகும்போது தாய்லாந்து அனுபவத்தைப் படித்துவிட்டுப் போனேன். விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சர்க்கரை நோய்ப் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் கூகுளின் செயற்கை நுண்ணறிவு, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் கொடுத்த படங்களையும் வைத்துப் பழக்கப்பட்டு 2016ல் நல்ல பெயர் வாங்கியது. அதையே தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தபோது, முதல் ஆறு மாதத்தில் வந்த 1838 படங்களில் 21 விழுக்காட்டைத் தரம் போதாது என்று அது ஒதுக்கிவிட்டது. 2020ல் கூகுள் குழுவே இதை வெளியிட்டது. பல இடங்களில் அறையை இருட்டாக்க முடியவில்லை, வெளிச்சத்தில் கண்பாவை சுருங்கியது, படம் மங்கியது. இன்டர்நெட் மெதுவாக இருந்ததால் படம் ஏற நேரமானது, வரிசை நீண்டது. உள்ளே இருக்கும் கணிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஜன்னலுக்கு ஒரு கறுப்புத் திரை இல்லாவிட்டால் அவ்வளவுதான். எங்கள் கண் பிரிவில் கேமரா இருந்தது நடைபாதை ஓரம், டியூப் லைட்டுக்கு நேர் கீழே. அதை உள் அறைக்கு மாற்றித் திரை தைத்துப் போட்டது இந்தத் திட்டத்தின் மிக மலிவான வேலை.

அல்ட்ராசவுண்டில் சட்டமும் சேர்ந்து வருகிறது. கருவின் பாலினத்தைக் கண்டுபிடிப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மெஷினும் பதிவாகியிருக்க வேண்டும், பதிவான இடத்தை விட்டு இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது, கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்தால் படிவம் எஃப் நிரப்ப வேண்டும். ஐ.சி.யூ.விலும் கேஷுவாலிட்டியிலும் கையடக்க மெஷின்களை வைத்து டாக்டர்கள் வயிற்றில் ரத்தம் கசிகிறதா, இதயத்தைச் சுற்றி நீர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பார்ப்பார்கள், முடிவெடுப்பார்கள், படத்தைச் சேமிக்க மாட்டார்கள். எந்த மெஷினில், யாருக்கு, எதற்காகப் பார்த்தோம் என்ற தடம் இல்லாமல் போவது சட்டப்படியும் ஆபத்து, மருத்துவப்படியும் நஷ்டம். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கிற டாக்டருக்கு முதல் படம் வேண்டுமே.

ஆனால் இங்கே மட்டும் "பட்டை முதலில்" என்ற விதியைத் தளர்த்தினேன். ரத்தம் போய்க்கொண்டிருக்கிற ஆளிடம் பட்டையைத் தேடு என்று சொல்ல முடியாது. விபத்தில் பெயர் தெரியாமல் வருகிறவர்களும் உண்டு. அதனால் கேஷுவாலிட்டிக்கு முன்கூட்டியே அச்சடித்த தற்காலிக எண் பட்டைகள் ஒரு கட்டு தொங்கும். ஒன்றைக் கிழித்துக் கட்டு, அதை ஸ்கேன் செய், எடு. ஆள் யாரென்று தெரிந்ததும் தற்காலிக எண்ணைச் சொந்த எண்ணோடு சேர்ப்பது பதிவேட்டுப் பிரிவின் வேலை, அந்த ஷிஃப்ட் முடிவதற்குள். இந்தக் கடைசி வார்த்தைக்காக நான் ரொம்ப சண்டை போட்டேன். "நேரம் கிடைக்கும்போது" என்று எழுதியிருந்தால் அனாதைப் படங்கள் குவிந்துவிடும், மூன்று மாதம் கழித்து யாராலும் அதற்கு உரியவரைக் கண்டுபிடிக்க முடியாது.

போலீஸ் கேஸ் படங்கள் தனி. தாக்குதல், பாலியல் வன்முறை, குழந்தைகள் மீதான கொடுமை. இவை மற்ற படங்களோடு ஒரே திரையில் வரக் கூடாது, பார்க்க உரிமை உள்ளவர்கள் பட்டியல் சிறியது, யார் எப்போது திறந்தார்கள் என்பது பதிவாகும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் கேட்கிறது, அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பில் துளி மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) வர வேண்டும். படம் சர்வரில் ஏறும் நொடியிலேயே அந்த மதிப்பைக் கணக்கிட்டு வைக்கச் சொன்னோம். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கியிருக்கும், எடுத்த நேரம் முதலான தகவல்கள் உதிர்ந்திருக்கும். நியாயம் கேட்டு நிற்கிற ஒருவருக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தோல் பிரிவில் தோற்றேன். நெரிசலான ஓ.பி., ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடம். என் செயலியில் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய், ஓ.பி. சீட்டை ஸ்கேன் செய்து, உடலின் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அப்புறம் கேமரா. இரண்டு நிமிடம் தொடாவிட்டால் மறுபடி பாஸ்வேர்டு. இரண்டாவது வாரமே டாக்டர்கள் சொந்த போனுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயே வரவில்லை. பாஸ்வேர்டை எடுத்துவிட்டு அடையாள அட்டையைத் தொட்டால் திறக்கும்படி மாற்றினோம், பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.

உடலின் இடப் பட்டியலும் அங்கேதான் வெடித்தது. பாதப் பிரிவுக்கு "வலது கால், பெருவிரல், அடிப்பக்கம்" போதும். தோல் டாக்டருக்கு முதுகில் எந்த மூலையில் எந்த மச்சம் என்று வேண்டும், ஆறு மாதம் கழித்து அதே இடத்தோடு ஒப்பிட. எல்லோருக்கும் ஒரே பட்டியல் என்று பிடிவாதமாக இருந்தேன், அது தப்பு. இப்போது இடது வலது மட்டும் எல்லோருக்கும் கட்டாயம், அதைத் தேர்ந்தெடுக்காமல் கேமரா திறக்காது. மற்றது அவரவர் விருப்பப் பட்டியல், அடியில் எல்லாம் ஒரே குறியீட்டுக்குப் போய்ச் சேரும். ஃபிளாஷ் விஷயமும் அங்கே கற்றதுதான். நம் மாநிறத் தோலில் நேர் ஃபிளாஷ் பட்டால் பளபளப்புதான் தெரியும், சிவப்பு தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில், அளவுகோலும் நிற அட்டையும் பக்கத்தில் வைத்து எடுப்பதே நல்லது.

சம்மதம் பற்றிச் சுருக்கமாக. சிகிச்சைக்காக எடுப்பதற்கு வாய்வழிச் சம்மதம், செயலியில் ஒரு குறி. பாடம் நடத்தவோ கட்டுரையில் போடவோ தனிக் கையெழுத்து. படத்தில் முகம் தேவையில்லை என்றால் முகம் வரக் கூடாது. கட்டுப் போட்டுக்கொள்ள வந்த ஒரு அம்மா, "எதுக்குப்பா போட்டோ?" என்று கேட்டபோது, "நாளைக்கு வர்ற டாக்டரம்மா கட்டைப் பிரிக்காமலே பாக்கறதுக்கும்மா" என்று சிஸ்டர் சொன்ன பதிலைத்தான் பிறகு பயிற்சித் தாளில் அப்படியே அச்சடித்தோம்.

சேமிப்பு இடம்? ஆப்பரேஷன் வீடியோவை முழுசாக வைக்க முடியாது, சர்ஜன் தேர்ந்தெடுக்கும் துண்டுகள் மட்டும். பேத்தாலஜி ஸ்லைடு ஒன்றே ஒரு ஜிகாபைட்டைத் தாண்டிப் போகும் என்பதால் அதை இந்தச் சுற்றில் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய கட்டடத்தின் கனமான சுவர்களுக்குப் பின்னால் வைஃபை கிடைக்காத மூலைகளில், படம் போனுக்குள்ளேயே பூட்டிக் காத்திருந்து சிக்னல் வந்ததும் போகும்.

பாத வார்டில் இப்போது ரவுண்ட்ஸில் யாரும் போனைத் தள்ளித் தேடுவதில்லை. டிராலியில் இருக்கும் திரையில் ஞாயிறு, செவ்வாய், வியாழன் என்று மூன்று படம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது, மூன்றிலும் மேலே பெயரும் எண்ணும், வலது என்ற எழுத்தும். வாட்ஸாப் குழு இன்னும் இருக்கிறது, டியூட்டி மாற்றிக்கொள்ள.

போன வாரம் தீக்காய வார்டு சிஸ்டர் கூப்பிட்டார். டிரெஸ்ஸிங் டிராலியின் இடது பக்கம் போனை மாட்ட ஒரு கொக்கி வேண்டுமாம், வலது பக்கம் கையுறைப் பெட்டி இருக்கிறது, அங்கே மாட்டினால் ஈரம் படுகிறது. ஒர்க்‌ஷாப்பில் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை கொக்கியை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டு, அப்படியே மகப்பேறு பிரிவில் கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி அறைக்கு நோட்டோடு போகிறேன்.